மீன்படகு வாடகைக்கு எடுத்த கடற்படை! சீனா பற்றி இதெல்லாம் தெரியுமா?

உலகத்திலேயே அதிகப் போர்க்கப்பல் வைத்திருக்கும் நாடு எது? ‘அமெரிக்கா’ என்று சட்டென்று சொல்லிவிட்டீர்களா? அவசரப்பட்டுவிட்டீர்கள்! எண்ணிக்கையில் இன்று முதலிடம் சீனாவுக்கு! கப்பலும் நீர்மூழ்கியுமாகச் சீனாவிடம் 370-க்கும் மேல் இருப்பதாக அமெரிக்காவின் பென்டகனே 2024 அறிக்கையில் சொல்லிவிட்டது. அமெரிக்காவிடமோ 300 கூட இல்லை! இந்தப் படை எப்படி வளர்ந்தது? அண்டை நாடுகளுக்கு ஏன் தூக்கம் போனது? படியுங்கள், அசந்துபோவீர்கள்!

தளபதிக்கே கப்பல் இல்லை!

சீன மக்கள் கடற்படை பிறந்த நாள் 1949 ஏப்ரல் 23. அதன் முதல் தளபதி ஷியாவ் ஜிங்குவாங். 1950-ல் அவர் லியுகோங் தீவைப் பார்வையிடக் கிளம்பினார். போவதற்குக் கப்பல்? இல்லை! கரையில் நின்ற ஒரு மீன்படகை வாடகைக்குப் பேசித்தான் போனார். ‘கடற்படைத் தளபதியா? என் படகிலா?’ என்று படகுக்காரரே திகைத்துப்போனாராம்! அந்தத் தீவு எது தெரியுமா? 1895-ல் ஜப்பானிடம் சீனக் கடற்படை சரணடைந்த அதே இடம்!

நகராத கப்பல் பார்த்ததுண்டா?

பெய்ஜிங் கோடைக்கால அரண்மனையின் ஏரியில் ஒரு கப்பல் நிற்கிறது. அடித்தளம் முழுக்கக் கல்! மேல்மாடம் மரம், ஆனால் பளிங்கு மாதிரி வர்ணம் பூசியது. மகாராணி சிசி 1893-ல் இதைப் புதுப்பித்தார். அரண்மனைச் செலவுக்குப் போனது கடற்படைக்கு ஒதுக்கிய பணம் என்பது சீனாவில் குழந்தைக்கும் தெரிந்த கதை! அடுத்த ஆண்டே, 1894 செப்டம்பர் 17-ல், மஞ்சள் கடலில் ஜப்பானோடு மோதல். சீனா இழந்த கப்பல்கள் ஐந்து! ஜப்பான் இழந்தது? ஒன்றுகூட இல்லை!

காலியில் கிடைத்த தமிழ்!

சீனா கடலுக்குப் புதுசு என்று நினைக்கிறீர்களா? 1405 முதல் 1433 வரை ஜெங் ஹெ என்ற தளபதி ஏழு முறை இந்தியப் பெருங்கடலுக்கு வந்து போனார். முதல் பயணத்தில் மட்டும் 27,000-க்கும் மேற்பட்டவர்கள்! அவர் இலங்கைக்குக் கொண்டுவந்த கல்வெட்டு 1911-ல் காலியில் கிடைத்தது. எத்தனை மொழி? மூன்று! சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் அல்லாவுக்கு, தமிழில் தேனாவரை நாயனாருக்கு! ஒரே கல்லில் மூன்று தெய்வங்களையும் கும்பிட்டுவிட்டார் மனிதர்! கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

சூதாட்ட விடுதி விமானம் தாங்கிக் கப்பலான அதிசயம்!

1998. சோவியத் யூனியன் உடைந்ததால் உக்ரைனில் பாதி கட்டியபடி துருப்பிடித்துக் கிடந்தது ‘வார்யாக்’. ஹாங்காங் வணிகர் சூ ஜெங்பிங் அதை வாங்கினார். விலை? வெறும் 2 கோடி டாலர்! எதற்கு? ‘மக்காவில் மிதக்கும் சூதாட்ட விடுதி நடத்த!’ நம்பமுடிகிறதா? 2012 செப்டம்பர் 25-ல் அதே கப்பல் ‘லியாவ்னிங்’ என்ற பெயரில் சீனாவின் முதல் விமானம் தாங்கிக் கப்பலானது! வாங்கிய வணிகர் யார் தெரியுமா? ராணுவ அணியில் ஆடிய முன்னாள் கூடைப்பந்து வீரர்!

16 மாதம் காத்திருப்பு!

அந்தக் கப்பல் சீனா வந்த கதை இன்னும் விசேஷம்! சொந்த இன்ஜினில் ஓட முடியாது; இழுத்துத்தான் வரவேண்டும். போஸ்பரஸ் நீரிணையைக் கடக்க விடமாட்டேன் என்றது துருக்கி. கருங்கடலில் சுமார் 16 மாதம் முடக்கம்! ஒருவழியாக 2001 நவம்பரில் அனுமதி கிடைத்தது. உடனே புயல்! கயிறு அறுந்து ஏஜியன் கடலில் தனியாக மிதந்தது! சூயஸ் கால்வாயிலும் அனுமதி இல்லை. ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு 2002 மார்ச்சில் டாலியன் துறைமுகம் வந்து சேர்ந்தது!

நுனிக்காலில் நின்ற தளபதி!

1980-ல் அமெரிக்காவின் ‘கிட்டி ஹாக்’ விமானம் தாங்கிக் கப்பலைப் பார்க்கப் போனார் லியு ஹுவாசிங். தளக் கருவிகளை நுனிக்காலில் எட்டிப் பார்க்கும் அவர் புகைப்படம் சீனாவில் வெகு பிரபலம்! பின்னர் கடற்படைத் தளபதியான அவர், சீனாவுக்கும் ஒன்று வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார். 2011 ஜனவரியில் காலமானார். லியாவ்னிங் முதல் வெள்ளோட்டம் போனது எப்போது? அதே ஆண்டு ஆகஸ்டில்! ஏழே மாத இடைவெளி!

உலகில் இரண்டே நாடுகள்!

மூன்றாவது விமானம் தாங்கிக் கப்பல் ‘ஃபூஜியான்’. எடை 80,000 டன்னுக்கும் மேல்! 2025 நவம்பரில் படையில் சேர்ந்தது. விமானத்தை மின்காந்த விசையில் உந்தி எறியும் கருவி இதில் உண்டு. விமானம் தாங்கிக் கப்பலில் இந்த வித்தை இதற்குமுன் யாரிடம் இருந்தது? அமெரிக்காவின் ‘ஜெரால்டு ஃபோர்டு’ ஒன்றிடம் மட்டும்! வாடகைப் படகிலிருந்து இங்கே வர எத்தனை ஆண்டு? வெறும் 75!

ஒரே ஒரு கம்பெனி, ஒரே ஒரு ஆண்டு!

சீன அரசுக் கப்பல் கட்டும் நிறுவனம் 2024-ல் கட்டிய வணிகக் கப்பல்களின் மொத்த எடை எவ்வளவு தெரியுமா? இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து அமெரிக்காவின் எல்லாக் கப்பல் கட்டும் தளங்களும் சேர்ந்து கட்டியதைவிட அதிகம்! சீனாவின் கப்பல் கட்டும் திறன் அமெரிக்காவினுடையதைப்போல 230 மடங்குக்கும் மேல் என்று அமெரிக்கக் கடற்படை உளவுப் பிரிவே கணக்குப் போட்டிருக்கிறது. 230 சதவீதம் இல்லை, மடங்கு!

தோசைக்கல்லில் தோசை மாதிரி!

‘டைப் 056’ என்ற சிறிய போர்க்கப்பல் வகையில் மட்டும் 72 கப்பல்கள்! அதுவும் பத்தே ஆண்டுக்குள்! பெரியது வேண்டுமா? ‘டைப் 055’ நாசகாரிக் கப்பலின் நீளம் 180 மீட்டர். ஒவ்வொன்றிலும் 112 ஏவுகணைக் குழாய்கள்!

மணலை அள்ளினால் தீவு!

தென்சீனக் கடலின் ஸ்பிராட்லி பகுதியில் ஏழு பவளத் திட்டுகள். அலை ஏறினால் பல இடங்களில் பாறை நுனிகூடத் தெரியாது. 2013-ல் தொடங்கி, கடலடி மணலை உறிஞ்சி இந்தத் திட்டுகளின்மேல் கொட்டியது சீனா. சில ஆண்டுகளில் முளைத்த புது நிலம் சுமார் 3,200 ஏக்கர்! ஃபியரி கிராஸ் திட்டில் 3 கி.மீ. நீள விமான ஓடுபாதையே வந்துவிட்டது! ‘ராணுவமயமாக்கும் எண்ணம் இல்லை’ என்று 2015-ல் வெள்ளை மாளிகையில் நின்று சொன்னார் ஷி ஜின்பிங். இன்று அந்தத் தீவுகளில் என்ன இருக்கிறது? ரேடார், ஏவுகணை, போர் விமானக் கொட்டகை!

மீனவர் குடிசை என்ன ஆனது?

1995-ல் மிஸ்சீஃப் திட்டில் கால் நட்டுச் சில கொட்டகைகளை எழுப்பியது சீனா. பிலிப்பைன்ஸ் பதறியது. ‘மீனவர்கள் ஒதுங்கத்தானே!’ என்றது பெய்ஜிங். அந்த ‘மீனவர் ஒதுங்குமிடம்’ இன்று ஒரு விமான தளம்! பிலிப்பைன்ஸின் பலவான் தீவிலிருந்து சுமார் 240 கி.மீ. சீனாவின் ஹைனானிலிருந்து? ஆயிரம் கி.மீ.க்கும் அப்பால்!

பார்பிக்குத் தடை!

பொம்மைப் படத்துக்கும் போர்க்கப்பலுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது! தென்சீனக் கடலின் பெரும்பகுதி தனது என்று காட்டச் சீனா வரைபடத்தில் ஒன்பது கோடுகள் போடுகிறது. அந்தக் கோடுகள் மாதிரி ஏதோ படத்தில் தெரிகிறது என்று 2023-ல் ‘பார்பி’யையே தடை செய்தது வியட்நாம்! அந்தக் கோடுகளும் நிலையாக நிற்பதில்லை. 1947-ல் 11, பிறகு 9, 2023 வரைபடத்தில் 10! ‘இந்த உரிமைக்குச் சட்ட ஆதாரமே இல்லை’ என்று 2016 ஜூலை 12-ல் தி ஹேக் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. சீனா ஏற்றதா? இல்லவே இல்லை!

தரைதட்டிய கப்பல்தான் காவல் நிலையம்!

ஏழைக்கு ஏற்ற எள்ளுருண்டை என்று பிலிப்பைன்ஸ் போட்ட திட்டம் தெரியுமா? 1944-ல் அமெரிக்காவில் கட்டிய ‘சியரா மாட்ரே’ என்ற பழைய கப்பலை 1999-ல் இரண்டாம் தாமஸ் திட்டில் வேண்டுமென்றே தரைதட்ட வைத்தது! உடம்பெல்லாம் துரு, அங்கங்கே ஓட்டை. உள்ளே? இன்றும் வீரர்கள் குடியிருக்கிறார்கள்! அவர்களுக்கு அரிசியும் தண்ணீரும் போவதே பெரும்பாடு. 2024 ஜூன் 17-ல் சரக்குப் படகைக் கத்தியும் கோடரியுமாக மறித்தது சீனக் கடலோரக் காவல் படை. ஒரு பிலிப்பைன்ஸ் வீரரின் கட்டைவிரலே போய்விட்டது!

துரத்தப்போய் முட்டிக்கொண்டார்கள்!

2025 ஆகஸ்ட் 11, ஸ்கார்பரோ திட்டு அருகே. பிலிப்பைன்ஸ் ரோந்துக் கப்பலை இரண்டு சீனக் கப்பல்கள் விரட்டின. ஒன்று கடற்படை, இன்னொன்று கடலோரக் காவல் படை. அப்புறம்? இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன! காவல் படைக் கப்பலின் முன்பக்கம் நொறுங்கியது. துரத்தப்பட்ட கப்பலோ ‘உதவி வேண்டுமா?’ என்று கேட்டது!

விமானத்தைப் பொட்டலம் கட்டி அனுப்பினார்கள்!

2001 ஏப்ரல் 1. சீனப் போர் விமானத்தோடு மோதிய அமெரிக்க உளவு விமானம் ஹைனான் தீவில் இறங்கியது. 24 பேரும் 11 நாள் பிடியில்! விமானத்தைப் பறந்து போக விட்டார்களா? ஊஹூம்! பிரித்து, ரஷ்யச் சரக்கு விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். கூடவே பில்! சீனா கேட்டது 10 லட்சம் டாலர். அமெரிக்கா தருவதாகச் சொன்னது 34,567 டாலர்! 3, 4, 5, 6, 7... கவனித்தீர்களா?

ஒரே தெருவில் எதிரிகள்!

சீனாவின் முதல் வெளிநாட்டு ராணுவ தளம் எங்கே? ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில்! 2017 ஆகஸ்ட் 1-ல் திறந்தார்கள். சில மைல் தள்ளியே அமெரிக்க தளம்! பிரான்ஸ், ஜப்பான், இத்தாலி தளங்களும் அதே குட்டி நாட்டில்!

99 ஆண்டுக் குத்தகை!

இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-ல் சீன நிறுவனத்துக்குக் குத்தகைக்குப் போனது. காலம் 99 ஆண்டு, தொகை 112 கோடி டாலர்! 2014-லேயே சீன நீர்மூழ்கி கொழும்பில் வந்து நின்றது. 2022 ஆகஸ்டில் ‘யுவான் வாங் 5’ என்ற கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்ததும் டெல்லி கொதித்தது! இந்தியப் பெருங்கடலில் நீர்மூழ்கிகளைத் தேடும் நம் பி-8ஐ விமானங்களில் பல எங்கிருந்து கிளம்புகின்றன தெரியுமா? நம்ம அரக்கோணத்திலிருந்து!

பக்கத்து வீடுகளில் என்ன நடக்கிறது?

இந்தியா? சொந்தமாகக் கட்டிய முதல் விமானம் தாங்கிக் கப்பல் ‘விக்ராந்த்’ 2022-ல் கொச்சியில் படையில் சேர்ந்தது! பிலிப்பைன்ஸ்? இந்தியாவிடமே பிரம்மோஸ் ஏவுகணை வாங்கிவிட்டது. விலை சுமார் 37.5 கோடி டாலர்! வியட்நாம்? ரஷ்யாவிடமிருந்து ஆறு நீர்மூழ்கிகள்! தைவான்? 2023-ல் சொந்த நீர்மூழ்கியையே கட்டிக் காட்டியது! ஆஸ்திரேலியா? அமெரிக்க உதவியோடு அணுசக்தி நீர்மூழ்கி பெறுவதற்காக, பிரான்சோடு முன்பு போட்டிருந்த நீர்மூழ்கி ஒப்பந்தத்தையே 2021-ல் தூக்கி எறிந்தது. கோபத்தில் வாஷிங்டனிலிருந்தும் கான்பெராவிலிருந்தும் தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது பிரான்ஸ்!

விமானி சொல்லித்தான் தெரிந்தது!

2025 பிப்ரவரியில் மூன்று சீனப் போர்க்கப்பல்கள் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் நடுவே பீரங்கிப் பயிற்சி என்று அறிவித்தன. ஆஸ்திரேலிய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு முதலில் தகவல் சொன்னது யார்? மேலே பறந்துகொண்டிருந்த ஒரு பயணிகள் விமானத்தின் விமானி! அன்று வழிமாறிப் பறந்த விமானங்கள் 49!

ஆனால் ஒன்று தெரியுமா?

எண்ணிக்கை மட்டும் போதாது! அமெரிக்காவிடம் விமானம் தாங்கிக் கப்பல்கள் 11, அத்தனையும் அணுசக்தியில் ஓடுபவை. சீனாவிடம் மூன்று, மூன்றும் எண்ணெயில் ஓடுபவை. இவ்வளவு பெரிய சீனக் கடற்படை கடைசியாகக் கடலில் சண்டை போட்டது எப்போது? 1988 மார்ச் 14, வியட்நாமோடு, அதே ஸ்பிராட்லியில்! அன்று இறந்த வியட்நாம் வீரர்கள் 64 பேர். அதற்குப் பிறகு ஒரு கடற்போர்கூட இல்லை!

உலகக் கடல் வணிகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்வரும் பாதை தென்சீனக் கடல். அங்கே ஒரு குண்டு வெடித்தால் கடையில் விலை ஏறும்; நம் ஊர்க் கடையிலும்தான்! ஆகவே ‘தென்சீனக் கடலில் பதற்றம்’ என்று செய்தி வந்தால், யாரோ எங்கோ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். படியுங்கள், படித்ததை நாலு பேரிடம் சொல்லுங்கள்!