கம்பில் இல்லாத கோழி

மாலை ஆறு மணிக்குமேல் பட்டாபிராம், திருமுல்லைவாயல் பக்கத்துத் தெருக்களில் நடந்தால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பகலெல்லாம் முருங்கை மரத்தடியைக் கிளறிக்கொண்டிருந்த நாட்டுக்கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஏறும். மதில்சுவர், மாடிப்படிக் கைப்பிடி, நிறுத்திவைத்த பைக், கொய்யாக் கிளை என்று கிடைத்த உயரத்தில் குந்திக்கொள்ளும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் மனைகள் சுருங்கிவிட்டாலும், கொல்லையில் நான்கைந்து கோழி வளர்க்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீடுகளில் வழக்கமாகச் சொல்லும் குறைகள் இரண்டு. "கூண்டு இருந்தும் மேல ஏறித்தான் தூங்குது" என்பது ஒன்று. "முட்டை போடறதை நிறுத்திட்டு அடையில உக்காந்துடுச்சு" என்பது மற்றொன்று.

இரண்டுக்கும் காரணம் கோழியின் பூர்வீகம். வீட்டுக்கோழியின் மூதாதை தென்கிழக்காசியக் காடுகளின் செங்காட்டுக்கோழி. அது உறங்குவது மரத்தில், முட்டையிட்டு அடைகாப்பது தரைப்புதரில். உறங்க உயரம், முட்டைக்கு மறைவு என்ற இந்த ஏற்பாட்டை நம் கோழி இன்றும் மறக்கவில்லை.

கிளையில் உறங்குவதற்கென்றே அதன் கால் அமைந்திருக்கிறது. கோழி குந்தும்போது கால் மடங்கும். உடனே காலின் பின்புறத் தசைநாண் இழுபட்டு, விரல்கள் கம்பைப் பற்றிக்கொள்ளும். ஒரு கண்ணை மூடி, மூளையின் ஒரு பாதியை மட்டும் உறங்கவிட்டு, மறு கண்ணால் காவல் காக்கவும் அதற்குத் தெரியும். யார் எங்கே உட்காருவது என்பதிலும் மூப்பு உண்டு. கோழிகளுக்குள் இருக்கும் இந்தக் 'கொத்தும் வரிசை'யை 1921-இல் நார்வே நாட்டு ஷெல்டெருப்-எப்பே விவரித்தார். கம்புகள் ஏணிபோல் மேலும் கீழுமாக இருந்தால் உச்சிக்குத்தான் சண்டை நடக்கும். எல்லாக் கம்புகளும் ஒரே உயரத்தில் இருந்தால் சண்டை குறையும்.

நான்கைந்து சென்டிமீட்டர் தடிமனில், முனை மழுங்கிய மரக்கம்பு போதும். வழுக்கும் இரும்புக் குழாய் வேண்டாம். கோழி ஒன்றுக்கு 20 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். முட்டைப் பெட்டியைவிடக் கம்பு உயரமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பெட்டிக்குள்ளேயே தூங்கி, எச்சத்தால் முட்டையை அசுத்தமாக்கும். மரத்தில் தூங்கிப் பழகிய கோழியை இருட்டியபின் எடுத்துக் கூண்டுக் கம்பில் வையுங்கள். இருட்டில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. வைத்த இடத்தில் அடங்கிவிடும். ஒரு வாரம் இப்படிச் செய்தால் தானே வந்து ஏறும். பூனை, கீரி, பெருச்சாளி உள்ள ஊர் நம்முடையது. ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு. ஆகவே கூரையும் இரவில் அடைத்த கதவும் கட்டாயம்.

தினமும் அந்தி வேளையில் கம்பில் இருக்கும் தலைகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்து, அது முட்டைக்கூடையில் உட்கார்ந்திருந்தால் அடை தொடங்கிவிட்டது என்று சந்தேகிக்கலாம். கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு சீறும், கையைக் கொத்தும். அடிவயிற்றில் மெல்லக் கையை நுழைத்தால் இறகுதிர்ந்த தோல் சூடாகத் தட்டுப்படும். அந்தச் சூடுதான் முட்டைக்குப் போகிறது.

இது நோயும் அல்ல, பிடிவாதமும் அல்ல. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்னும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அதை ஊசிமூலம் செலுத்தினால் கோழி அடையில் உட்காரும் என்று 1935-இல் அமெரிக்காவின் ஆஸ்கர் ரிடில் குழுவினர் காட்டினர். அது கூடினால் சினைப்பை சுருங்கும், முட்டை நிற்கும். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்குப் போவது இதனால்தான். பண்ணைகளின் வெள்ளை லெகார்ன் அடையில் உட்காருவது அரிது. தலைமுறை தலைமுறையாக அந்தக் குணம் இல்லாதவற்றையே பொறுக்கி வளர்த்ததன் விளைவு அது.

குஞ்சு வேண்டுமென்றால் இதைவிட நல்ல இயந்திரம் கிடையாது. கரு சீராக வளர 37.5 டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பம் வேண்டும். கோழி அதைக் கொடுத்து, முட்டைகளைத் தானே புரட்டியும் விடும். நாம் கவனிக்க வேண்டியது அடைவைக்கும் முன்னுள்ள நாட்களை. இருபது சொச்சம் டிகிரியிலேயே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் சமையலறை அலமாரியில் கிடக்கும் முட்டை கூமுட்டையாவது இப்படித்தான். ஈரமணல் பரப்பிய மண்சட்டியில் வைத்து, பருத்தித் துணியால் மூடுங்கள். நான்கைந்து நாளுக்குள் இட்ட பத்துப் பன்னிரண்டு முட்டைகளை மட்டும் அடைவையுங்கள். ஏழாம் நாள் இரவு செல்போன் டார்ச்சின்மேல் முட்டையைப் பிடித்தால், கரு வளர்ந்ததில் சிலந்தி வலைபோல் ரத்த நாளங்கள் தெரியும். வெறுமையாகத் தெரிபவற்றை எடுத்துவிடுங்கள். கடைசி மூன்று நாள் தொந்தரவு செய்யாதீர்கள். 21-ஆம் நாள் குஞ்சு வரும். முதல் வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

குஞ்சு வேண்டாமென்றால் அடையைத் தெளிய வைக்க வேண்டும். கோழியின் மூக்கில் இறகைக் குத்துவதும், தண்ணீரில் முக்குவதும் பழைய கைவைத்தியங்கள். மூக்கில் இறகு வலியைத் தவிர வேறெதுவும் தராது. முக்குவதில் அடிவயிற்றைக் குளிர்விக்கும் நியாயம் இருந்தாலும், கோழி நடுங்கிப்போகும். காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். கம்பிவலை அடித்தளம் உள்ள சிறு கூண்டை நான்கு செங்கல்லின் மேல் தூக்கி, வெளிச்சமான நிழலில் வையுங்கள். தீனியும் தண்ணீரும் கொடுங்கள். வைக்கோல், முட்டை எதுவும் உள்ளே வேண்டாம். வயிற்றின் கீழே காற்று போனால் சூடு தணியும், ஹார்மோன் இறங்கும். பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் தெளிந்துவிடும். ஓரிரு வாரத்தில் மறுபடி முட்டையிடும்.

தெளிந்ததா என்று அறிய, ஒரு மாலை திறந்துவிடுங்கள். கூடையைத் தேடி ஓடினால் இன்னும் இரண்டு நாள் கூண்டில் வையுங்கள். மற்றக் கோழிகளோடு கம்பில் ஏறினால் போதும், அடை தெளிந்தது. இனியாவது எந்தக் கோழியின் மூக்கிலும் இறகைக் குத்தாதீர்கள்.