உரிய நாளில் வரும் பணமே மூலதனம்

நெருளில் ஹார்பர் ரயில் ஏறி, குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கினால் தாராவியை அடைந்துவிடலாம். இரண்டரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத இப்பகுதியில் தோல் பைகளும் பெல்ட்டுகளும் தைக்கும் பட்டறைகள் உள்ளன. கும்பர்வாடாவின் மண்பாண்டச் சூளைகள் உள்ளன. பழைய பிளாஸ்டிக்கை அரைத்து மீண்டும் மூலப்பொருளாக்கும் கூடங்கள் உள்ளன. விடியுமுன் இட்லி அவித்து விற்பனைக்கு அனுப்பும் தமிழர் இல்லங்களும் உள்ளன. இங்குத் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்களுள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் முக்கியமானவர்கள். பதனிடும் தொழில் காலப்போக்கில் சுருங்கியபோதிலும், தோல்பொருள் தைக்கும் தொழில் நிலைத்து நிற்கிறது.

இத்தகைய தொழில்களை நாட்டின் பொருளாதாரத்தில் ஓர் ஓரமாக எண்ணிவிடக் கூடாது. தேசிய மாதிரி ஆய்வின் 2015–16ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியாவில் சுமார் 6.34 கோடி குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் இயங்கின. அவை ஏறத்தாழ 11.10 கோடிப் பேருக்கு வேலையளித்தன. அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்டவை குறுந்தொழில்களே. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 30 விழுக்காடு இத்துறையிலிருந்து கிடைப்பதாக அரசின் கணக்குகள் கூறுகின்றன.

ஆயினும், இத்தொழில்களை மிகுதியும் வாட்டுவது நட்டம் அன்று, காத்திருப்பு. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பை தைக்கும் பட்டறை ஒன்றுக்கு மாதச் செலவு 4 இலட்சம் ரூபாய், மாத இலாபம் 24,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். வாங்குபவர் 30 நாளில் பணம் தந்தால், ஒரு மாதச் செலவான 4 இலட்சம் மட்டுமே வெளியில் முடங்கும். அவரே 90 நாள் கடத்தினால் 12 இலட்சம் முடங்கும். கூடுதலான 8 இலட்சத்தை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் வங்கிக் கடனாகப் பெற்றால், மாதம் 8,000 ரூபாய் வட்டியாகப் போகும். இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கு கரையும். மாதம் 3 விழுக்காடு வட்டிக்கு வெளியில் வாங்கினாலோ, வட்டியே 24,000 ரூபாய். ஒரு பைகூடக் குறையாமல் தைத்துக் கொடுத்தும் மிச்சம் ஏதுமில்லை.

இந்நிலையை மாற்றவே 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் காலவரம்பு விதித்தது. எழுத்து ஒப்பந்தம் இருப்பினும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைத்தலாகாது. ஒப்பந்தம் இல்லையேல் 15 நாளே வரம்பு. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டியை மாதக் கூட்டுவட்டியாகச் செலுத்த வேண்டும். மேலும், 2024–25 மதிப்பீட்டு ஆண்டு முதல், வரம்பு கடந்து நிற்கும் தொகையை வாங்கியவர் உண்மையில் செலுத்தும் ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட இயலும். இப்பாதுகாப்புகள் குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருவோருக்கும் உரியவை; வாங்கி விற்பதை மட்டும் செய்யும் வணிகர்களுக்கு இவை பொருந்தா.

சட்டம் இருந்தும் முறையிடுவோர் சிலரே. காரணம் நாம் அறியாததன்று. வழக்குக்குப் போனால் அடுத்த ஆர்டர் வராது என்னும் அச்சம்தான். ஆகவே, பகையின்றிப் பணம் பெறும் வழி தேவைப்படுகிறது. ‘டிரெட்ஸ்’ எனப்படும் மின்னணுத் தளம் அதற்கானது. அதில் பதிவேற்றிய பில்லை வாங்குபவர் ஏற்றுக்கொண்டதும், வங்கிகள் போட்டியிட்டு அதனைத் தள்ளுபடி செய்து, விற்றவருக்கு உடனே பணம் தருகின்றன. தவணை நாளில் வாங்கியவரிடமிருந்து வங்கி வசூலித்துக்கொள்ளும். அவர் தவறினாலும் விற்றவரிடம் திரும்பிக் கேட்பதில்லை. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் 2025 மார்ச் 31ஆம் நாளுக்குள் இத்தளத்தில் சேர வேண்டுமென அரசு ஆணையிட்டது.

தாராவிப் பட்டறைக்கும், நெருளையொட்டி நீளும் தானே–பேலாப்பூர் தொழிற்பகுதியின் சிறு கூடத்துக்கும் நாம் கூறுவன மூன்று. முதலாவது, ‘உத்யம்’ பதிவு. இதற்குக் கட்டணமில்லை. வரிப் பதிவு இல்லாத மிகச் சிறு தொழில்களுக்கு ‘உத்யம் அசிஸ்ட்’ தளம் உண்டு. சரக்கு அனுப்புமுன்பே பதிவு இருப்பது நலம். இரண்டாவது, பதிவு எண்ணையும் பணம் தரவேண்டிய நாளையும் பில்லிலேயே அச்சிடுதல். மூன்றாவது, வரவு செலவை வங்கிக் கணக்கின் வழியே நடத்துதல். கைமாறும் ரொக்கம் சுவடின்றி மறைகிறது. கணக்கில் பதிந்த வரவோ நாளைய கடனுக்குச் சான்றாகிறது. ஈடு கொடுக்கச் சொத்து இல்லாதவருக்கு, 2000ஆம் ஆண்டில் அமைந்த கடன் உறுதி நிதியம் வங்கிக்கு உத்தரவாதம் அளிக்கிறது. அப்போதும் வங்கி அதிகாரி முதலில் புரட்டுவது கணக்கேட்டையே.

நம் வாடிக்கையாளர்களுள் விற்பவர்கள் மட்டுமல்லர், வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மேசையில் கையொப்பத்துக்குக் காத்திருக்கும் அந்தச் சிறிய பில், எங்கோ ஒரு பட்டறையில் சனிக்கிழமைக் கூலி. அதனை உரிய நாளில் தீர்த்துவிடுங்கள். அந்தப் பட்டறை புதிய தையல் எந்திரம் வாங்குவதும், இன்னொருவருக்கு வேலை தருவதும் அந்தப் பணத்தால்தான்.