பவுண்டரி வாட்டர்ஸ்: துடுப்புப் படகுகளின் ஏரி நாடு

பவுண்டரி வாட்டர்ஸ் கனூப் பகுதி என்பது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஏரிகளும் காடுகளும் நிறைந்த நிலப்பரப்பாகும். இதன் பரப்பு சுமார் 10 இலட்சத்து 90 ஆயிரம் ஏக்கர், அதாவது ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர். இதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. அமைதியான ஏரி நீரில் கனூவும் கயாக்கும் செலுத்த விரும்புவோர் உலகின் பல பகுதிகளிலிருந்தும் இங்கு வருகின்றனர். சுப்பீரியர் தேசியக் காட்டின் ஒரு பகுதியாக இது அமெரிக்க வனத்துறையின் பொறுப்பில் உள்ளது.

இங்கு நிலவும் அமைதி இயற்கையால் மட்டும் அமைந்தது அன்று. சாலை, அணை, விமானம், மோட்டார் படகு ஆகிய ஒவ்வொன்றையும் தடுத்து நிறுத்த ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வழக்காட வேண்டியிருந்தது. அந்த வரலாற்றை அறியாமல் இப்பகுதியின் விதிகளைப் படித்தால் அவை வீண் கெடுபிடிகளாகவே தோன்றும்.

கனூ, கயாக்: வேறுபாடு

இரண்டும் துடுப்பால் செல்லும் ஒடுங்கிய படகுகளே ஆயினும் ஒன்றல்ல. கனூவின் மேற்பகுதி திறந்திருக்கும். செலுத்துபவர் இருக்கையில் அமர்ந்தோ முழங்காலிட்டோ, ஒரு முனையில் மட்டும் தட்டையான அலகுள்ள துடுப்பைப் பயன்படுத்துவார். கயாக்கின் மேற்பகுதி மூடியிருக்கும். கால்களை உள்ளே நீட்டி அமர்ந்து, இரு முனைகளிலும் அலகுள்ள துடுப்பால் வலமும் இடமும் மாறி மாறி வலிக்க வேண்டும். கயாக் வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள் கடல்நாய்த் தோலைச் சட்டத்தின் மேல் போர்த்திச் செய்த வேட்டைப் படகிலிருந்து வந்தது. கனூவோ இந்த ஏரி நாட்டுக்கே உரியது. பிர்ச் மரத்தின் பட்டையை உரித்து, சிடார் மரச் சட்டத்தின் மேல் விரித்து, ஸ்புரூஸ் மரத்தின் வேரால் தைத்து, பிசினால் இடுக்குகளை அடைத்து ஓஜிப்வே மக்கள் இதைச் செய்தனர். உடைந்தால் பழுது பார்க்க வேண்டிய பட்டையும் வேரும் பிசினும் கரையிலேயே கிடைத்தன என்பதுதான் இதன் பெரும் சிறப்பு.

பவுண்டரி வாட்டர்ஸில் கயாக்கைவிடக் கனூவே மிகுதி. இதற்குக் காரணம் நீர் அன்று, நிலம். ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குச் செல்லப் படகைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தோளில் சுமந்து காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். கனூவின் நடுவில் தோளுக்குப் பொருந்தும்படி செதுக்கிய குறுக்குக் கட்டை ஒன்று உண்டு. மாட்டின் கழுத்தில் பூட்டும் நுகத்தை ஒத்திருப்பதால் ஆங்கிலத்திலும் அதே பொருள்தரும் சொல்லால் அதை அழைக்கின்றனர். கயாக்கில் அவ்வாறான கட்டை இல்லை. பல நாள் பயணத்துக்கு வேண்டிய பெரிய மூட்டைகளும் அதன் குறுகிய வாய்க்குள் எளிதில் நுழையா.

போர்டேஜ் எனப்படும் தூக்குவழி

படகைச் சுமந்து கடக்கும் பாதைக்குப் போர்டேஜ் என்று பெயர். சுமத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் கம்பளித் தோல் வணிகத்துக்காக மொன்றியாலிலிருந்து வந்த பிரெஞ்சுப் படகோட்டிகள் இந்தச் சொல்லை விட்டுச் சென்றனர். அவர்கள் ஒவ்வொருவரும் தலா 90 பவுண்டு, அதாவது சுமார் 41 கிலோ எடையுள்ள இரண்டு மூட்டைகளை ஒரே நடையில் சுமப்பது வழக்கம். சுப்பீரியர் ஏரிக் கரையிலுள்ள கிராண்ட் போர்டேஜ் பாதை மட்டும் ஏறக்குறைய பதினான்கு கிலோமீட்டர் நீளமுடையது.

இன்றும் இங்குள்ள வரைபடங்களில் தூக்குவழிகளின் நீளம் ராட் என்னும் பழைய அளவில் குறிக்கப்படுகிறது. ஒரு ராட் பதினாறரை அடி. ஏறத்தாழ ஒரு கனூவின் நீளம் அது. வரைபடத்தில் 80 ராட் என்று இருந்தால் எண்பது கனூக்களை வரிசையாக வைத்த தூரம், அதாவது சுமார் 400 மீட்டர் எனக் கணக்கிட்டுக்கொள்ளலாம். மூட்டைகளையும் படகையும் ஒரே நடையில் கொண்டுசெல்ல முடியாதவர்கள் திரும்பி வந்து மறுபடியும் சுமக்க வேண்டும். அப்போது அந்த 400 மீட்டர் 1,200 மீட்டராகி விடும். முதன்முறை செல்வோர் பெரும்பாலும் மறந்துவிடும் கணக்கு இது. பழைய அலுமினியக் கனூ சுமார் 35 கிலோ எடை இருக்கும். கெவ்லார் இழையால் செய்தது 20 கிலோவுக்குள் அடங்கும், ஆனால் பாறையில் உரசினால் எளிதில் சேதமடையும்.

இத்தனை ஏரிகள் இவ்வளவு நெருக்கமாக அமைந்ததற்குப் பனியாறுகளே காரணம். கடைசிப் பனியுகத்தில் இப்பகுதியை மூடியிருந்த பனிப் பாளங்கள் பாறையைச் சுரண்டிப் பள்ளங்களை உண்டாக்கின. பனி உருகியபோது அவை நீரால் நிறைந்தன. அடியிலுள்ள பாறை உலகின் மிகப் பழைய பாறைகளுள் ஒன்று. அதன் வயது சில இடங்களில் சுமார் 270 கோடி ஆண்டுகள். வடக்கு ஏரி, தெற்கு ஏரி என்னும் இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு தூக்குவழி இருக்கிறது. அதன் ஒருபுறம் விழும் மழை சுப்பீரியர் ஏரி வழியாக அட்லாண்டிக் கடலையும், மறுபுறம் விழுவது ஹட்சன் விரிகுடாவையும் சென்றடைகிறது.

அமைதிக்கு நடந்த போராட்டம்

சுப்பீரியர் தேசியக் காடு 1909இல் அறிவிக்கப்பட்டது. 1920களில் காட்டினுள் சாலைகள் அமைக்கும் திட்டங்கள் எழுந்தன. எல்லை ஏரிகளின் குறுக்கே அணைகள் கட்டி மின்சாரம் எடுக்க எட்வர்ட் பேக்கஸ் என்ற தொழிலதிபர் முயன்றார். அணைகள் எழுந்திருந்தால் அருவிகளும் கரைகளும் நீரில் மூழ்கியிருக்கும். எர்னஸ்ட் ஓபர்ஹோல்ட்சர் முதலியோர் இதை எதிர்த்தனர். 1930இல் நிறைவேறிய ஷிப்ஸ்டெட்–நோலன் சட்டம் நீர்மட்டத்தை மாற்றுவதையும் கரையிலிருந்து 400 அடிக்குள் மரம் வெட்டுவதையும் தடுத்தது.

அடுத்து வந்தது கடல் விமானம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மீன்பிடிக்க வருவோர் ஈலி என்னும் ஊரிலிருந்து நேராக உள் ஏரிகளில் சென்று இறங்கினர். நாள் முழுதும் துடுப்பு வலித்து வந்தவர் தலைக்கு மேல் எந்திர ஓசை கேட்டது. குடியரசுத் தலைவர் ட்ரூமன் 1949இல் பிறப்பித்த ஆணை, இப்பகுதியின் மேல் 4,000 அடிக்குக் கீழே விமானம் பறப்பதைத் தடை செய்தது.

மோட்டார் படகு பற்றிய வழக்குத்தான் மிகக் கடுமையானது. 1964ஆம் ஆண்டின் வனச் சட்டம் இப்பகுதியைப் பாதுகாத்தாலும் மோட்டாருக்கும் மரம் வெட்டுதலுக்கும் இடம் விட்டிருந்தது. அதை நீக்க முயன்றபோது ஈலி ஊரார் கொதித்தெழுந்தனர். விடுதி நடத்துவோர், மோட்டார் படகு வாடகைக்கு விடுவோர், மரத் தொழிலாளர் ஆகியோரின் பிழைப்பு அதில் இருந்தது. 1977இல் அங்கு நடந்த பொது விசாரணையின்போது, தடைக்கு ஆதரவாகப் பேசிய எழுத்தாளர் சிகர்ட் ஓல்சனின் உருவ பொம்மை தூக்கில் தொங்கவிடப்பட்டது. ஓல்சன் அதே ஊரில் பல்லாண்டு வாழ்ந்த ஆசிரியர். 1978 அக்டோபரில் குடியரசுத் தலைவர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் மரம் வெட்டுதலை நிறுத்தி, மோட்டாரைச் சில ஏரிகளுக்குள் ஒடுக்கியது. இன்று நீர்ப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கில் துடுப்புக்கு மட்டுமே இடம்.

உள்ளூர் மக்களின் கோபத்தை வெறும் தன்னலம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. ஏரி நடுவே தீவுகளில் தலைமுறைகளாக இருந்த விடுதிகளை அரசு வாங்கி அப்புறப்படுத்தியது. கத்தி ஏரியின் தீவொன்றில் வாழ்ந்த செவிலியர் டாரதி மால்ட்டருக்கு வாழ்நாள் வரை தங்க அனுமதி கிடைத்தது. வழிப்போக்கர்களுக்குத் தாமே தயாரித்த ரூட் பியர் என்னும் மூலிகைப் பானத்தைக் கொடுத்து வந்த அவர் 1986இல் காலமானார். இப்பகுதியில் நிலையாக வாழ்ந்த கடைசி மனிதர் அவரே. அவரது மரவீடு இன்று ஈலியில் அருங்காட்சியகமாக உள்ளது.

இவர்கள் எல்லோருக்கும் முன்பே இங்கிருந்தவர்கள் ஓஜிப்வே மக்கள். எல்லைக்கு அப்பால் கனடாவின் குவெட்டிகோ பூங்கா அமைக்கப்பட்டபோது அதற்குள் இருந்த அவர்களது ஒதுக்கீட்டு நிலம் பறிக்கப்பட்டது. ஒன்ராறியோ அரசு 1991இல் இதற்காக மன்னிப்புக் கேட்டது. மனிதர் தொடாத காடு என்று இதை வருணிக்கும் சுற்றுலாக் கையேடுகள் இதைக் குறிப்பிடுவதில்லை. ஹெக்மன் ஏரியின் செங்குத்துப் பாறையில் மனித உருவமும் மூஸ் என்னும் பெரிய மானும் கனூக்களும் செங்காவி நிறத்தில் தீட்டப்பட்டுள்ளன. ஆழமற்ற ஏரிகளில் மனோமின் என்னும் காட்டரிசி விளைகிறது. ஆகஸ்ட் கடைசியில் கதிர் முற்றும்போது ஒருவர் கோல் ஊன்றிக் கனூவை நகர்த்த, மற்றவர் இரண்டு கழிகளால் கதிரை வளைத்துத் தட்டி மணியைப் படகுக்குள் உதிர்ப்பார். நீரில் விழும் மணிகள் மறு ஆண்டுக்கு விதை.

வழக்கு இன்னும் முடியவில்லை. இப்பகுதிக்கு வெளியே, ஆனால் இதற்குள் நீர் வடியும் நிலத்தில், தாமிரமும் நிக்கலும் உள்ள சல்பைடு பாறைகள் இருக்கின்றன. தோண்டி எடுத்த சல்பைடு பாறை காற்றும் நீரும் பட்டால் அமிலம் கசியும். 2023 ஜனவரியில் சுமார் 2,25,000 ஏக்கர் அரசு நிலத்தில் 20 ஆண்டுகளுக்குப் புதிய சுரங்கக் குத்தகை தரக்கூடாது என அமெரிக்க அரசு ஆணையிட்டது. வேலைவாய்ப்பைக் காட்டி அதை எதிர்ப்போரும் உள்ளனர்.

அமைதியான நீரும் ஆபத்தும்

ஏரியில் ஓட்டம் இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று எண்ணுவது பெரும் பிழை. முதல் எதிரி காற்று. பாஸ்வுட், சகனாகா போன்ற பெரிய ஏரிகளில் காலையில் கண்ணாடி போல் கிடக்கும் நீர் நண்பகலில் வெண்ணுரை அலையாக மாறும். ஆதலால் அனுபவமுள்ளோர் விடிந்ததும் புறப்பட்டு, கரையை ஒட்டியே சென்று, மதியத்துக்குள் முகாமிடுவர். இடி கேட்டால் உடனே கரையேற வேண்டும். 1999 ஜூலை 4 அன்று வீசிய பெரும் சூறைக்காற்று சில மணி நேரத்தில் இலட்சக்கணக்கான ஏக்கர் காட்டைச் சாய்த்தது. முகாமிட்டிருந்த பலர் காயமடைந்தனர்.

இரண்டாவது குளிர். ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோதான் ஏரிகளின் மேலுள்ள பனிக்கட்டி உடைகிறது. வெயில் சுட்டாலும் மே மாத நீர் உறைநிலைக்குச் சற்றே மேலாக இருக்கும். அதில் திடீரென விழுபவருக்கு அடக்க முடியாத மூச்சுத்திணறல் வரும். அந்த முதல் நிமிடத்தில் வாய்க்குள் நீர் போவதே பலரின் உயிரைப் பறிக்கிறது. சில நிமிடங்களில் கைகால்கள் செயலிழக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இது பொருந்தும். எனவே உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்திருப்பது போதாது, அணிந்திருக்க வேண்டும். படகு கவிழ்ந்தால் அதை விடாமல் பற்றிக்கொள்ள வேண்டும். கவிழ்ந்த கனூ பெரும்பாலும் மூழ்குவதில்லை.

மூன்றாவது, ஏரிகளை இணைக்கும் இடங்கள். இரண்டு ஏரிகளின் நீர்மட்டம் வேறுபடும் இடத்தில் அருவியோ பாய்ச்சலோ இருக்கும். தூக்குவழி அதற்குச் சற்று முன்னால் தொடங்கும். அதைத் தவறவிட்டால் இழுப்பில் சிக்க நேரும். 2024 மே மாதம் கர்ட்டன் அருவியில் இவ்வாறு கனூக்கள் அடித்துச் செல்லப்பட்டு இருவர் உயிரிழந்தனர்.

செல்வோருக்கு

மே 1 முதல் செப்டம்பர் 30 வரை இரவு தங்க முன்பதிவு அனுமதி வேண்டும். ஒவ்வொரு நுழைவிடத்துக்கும் நாளொன்றுக்கு இத்தனை குழு என்று வரம்பு உண்டு. ஒரு குழுவில் ஒன்பது பேருக்கும் நான்கு படகுகளுக்கும் மேல் கூடாது. தகர டப்பாவிலும் கண்ணாடிப் புட்டியிலும் உணவோ பானமோ கொண்டுசெல்லத் தடை. உணவைக் கரடிக்கு எட்டாதபடி உயரத்தில் தொங்கவிட வேண்டும், அல்லது அதற்கென உள்ள பெட்டியில் பூட்ட வேண்டும். தீ மூட்டும் இரும்புச் சட்டமும் கழிப்பிடமும் உள்ள முகாம்கள் சுமார் இரண்டாயிரம் உள்ளன. அவற்றில் மட்டுமே தங்கலாம். ஈலி, கிராண்ட் மரே ஆகிய ஊர்களில் கனூவும் கருவிகளும் வாடகைக்குக் கிடைக்கும். கொசுவும் கருப்பு ஈயும் ஜூனில் மிகுதி. ஆகஸ்டின் பிற்பகுதி புதியவர்களுக்கு ஏற்ற காலம்: நீர் வெதுவெதுப்பாக இருக்கும், பூச்சிகள் குறைந்திருக்கும்.

பயிற்சி இல்லாதோர் ஹெக்மன் போன்ற சிறிய ஏரியில் ஒருநாள் பயணமாகத் தொடங்குவது நல்லது. ஒரு பக்கம் மட்டும் வலித்தால் கனூவின் மூக்கு மறுபக்கம் திரும்பும். பின்னால் அமர்பவர் ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் துடுப்பைச் சற்று வெளிப்புறம் தள்ளினால் படகு நேர்க்கோட்டில் போகும். துடுப்பு செல்லும் பாதை ஆங்கில எழுத்து ஜே போல் வளைவதால் அம்முறைக்கு ஜே வலிப்பு என்று பெயர். அரை நாள் பழகினால் கைவந்துவிடும்.

டொராண்டோவிலும் சுற்றுப்புறங்களிலும் வாழும் தமிழர்களுக்கு பவுண்டரி வாட்டர்ஸ் வெகு தொலைவு. அவர்களுக்கு 1893இல் நிறுவப்பட்ட அல்கோன்குவின் பூங்காவே அருகில் உள்ளது. காரில் சுமார் மூன்று மணி நேரத்தில் அதன் மேற்கு வாயிலை அடையலாம். அங்கும் ஏரிகளும் தூக்குவழிகளும் இதே முறையில் அமைந்துள்ளன; கனூ ஏரி என்றே பெயர்பெற்ற ஏரியிலிருந்து பலர் பயணத்தைத் தொடங்குகின்றனர்.