காகம் பேசுகிறது! குதிரை அழுகிறது!

தேனி மாவட்டத்தில், சின்னமனூருக்குப் பக்கத்தில் இருக்கிறது குச்சனூர்.

கம்பம் பள்ளத்தாக்கின் பச்சை வயல்களுக்கு நடுவே உள்ள சிறிய ஊர். ஆனால் பெயரோ பெரியது! அங்கே சுயம்புவாக எழுந்தருளியிருக்கும் சனீஸ்வரரைத் தரிசிக்க, சனிக்கிழமைகளில் வெளியூர்களில் இருந்து மக்கள் வந்து கூடுகிறார்கள்.

சனீஸ்வரரின் வாகனம் எது? காகம்!

சனிக்கிழமை என்றால், காகத்துக்கு எள்ளுச் சோறு வைக்காமல் சாப்பிடாதவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். அம்மா கொல்லைப்புறத்துக்குப் போவார். ஒரு பிடி சோற்றைச் சுவரின் மேல் வைப்பார். "கா... கா... வா... வா..." என்று கூப்பிடுவார். காகம் வராவிட்டால் அம்மாவின் முகம் வாடிவிடும்.

காகம் கரைந்தால், "யாரோ விருந்தாளி வரப்போகிறார்" என்று பாட்டி சொல்லுவார். இது இன்று நேற்று வந்த பேச்சு அல்ல. சங்க காலத்திலேயே ஒரு பெண் புலவர் இதைப் பாடினார். விருந்து வரப்போகிறது என்று கரைந்து சொன்ன காகத்துக்கு எவ்வளவு சோறு கொடுத்தாலும் தகும் என்பது அந்தப் பாட்டின் கருத்து. அதனால் அவருக்குப் பெயரே "காக்கைபாடினியார் நச்செள்ளையார்" என்று ஆகிவிட்டது!

ஆக, நாம் காகத்தோடு பேசத் தொடங்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன.

சரி. காகம் நம்மோடு பேசினால் என்ன பேசும்?

நான்கு சிநேகிதர்கள்

பஞ்சதந்திரக் கதைகளில் ஒரு காகம் வருகிறது. அதன் பெயர் லகுபதனகன்.

ஒரு நாள், வேடன் விரித்த வலையில் புறாக்கள் சிக்கிக்கொண்டன. அவை எல்லாம் சேர்ந்து வலையோடு பறந்து, ஓர் எலியிடம் போயின. எலி தன் பல்லால் வலையைக் கடித்து, அவைகளை விடுவித்தது.

இதை எல்லாம் காகம் பார்த்துக்கொண்டே இருந்தது. "இப்படி ஒரு சிநேகிதன் நமக்கும் வேண்டும்" என்று நினைத்து, எலியின் வளைக்கு வந்து கூப்பிட்டது.

எலி வெளியே வரவில்லை. "நீ என்னைத் தின்கிறவன். நான் உனக்கு இரை. நமக்குள் என்ன சிநேகிதம்?" என்று கேட்டது.

நியாயமான கேள்விதானே!

காகம் விடவில்லை. பேசிப் பேசி நம்பிக்கை உண்டாக்கியது. பிறகு ஓர் ஆமையும், ஒரு மானும் அவர்களோடு சேர்ந்தன.

ஒரு நாள் மான் கண்ணியில் சிக்கியது. எலி அதைக் காப்பாற்றியது. ஆனால் மெதுவாக நடந்து வந்த ஆமை, வேடன் கையில் அகப்பட்டுவிட்டது. மற்ற மூன்றும் யோசனை செய்தன. மான், குளக்கரையில் செத்ததுபோல் படுத்துக்கொண்டது. காகம் அதன் கண்ணைக் கொத்துவதுபோல் பாசாங்கு செய்தது. வேடன் ஆமையைக் கீழே போட்டுவிட்டு மானை எடுக்க ஓடினான். அதற்குள் எலி, ஆமையின் கட்டை அறுத்தது. ஆமை தண்ணீருக்குள் போய்விட்டது. மான் எழுந்து ஓடியது. காகம் பறந்தது. வேடன் வெறுங்கையோடு நின்றான்!

இதைக் கேட்டுக் குழந்தைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். ஆனால் பஞ்சதந்திரம் குழந்தைகளுக்கு மட்டும் சொன்ன கதை அல்ல. விஷ்ணு சர்மா என்பவர், ஓர் அரசனின் மூன்று பிள்ளைகளுக்கு உலக அறிவும், அரசியல் தந்திரமும் கற்றுக்கொடுப்பதற்காகச் சொன்னது என்று அந்த நூலே கூறுகிறது.

அதன் முதல் பகுதி எப்படி முடிகிறது தெரியுமா? சிங்கமும் காளையும் உயிருக்கு உயிரான சிநேகிதர்கள். நடுவில் புகுந்த நரி, இரண்டு பக்கமும் கோள் சொல்லுகிறது. கடைசியில் சிங்கம் தன் சிநேகிதனையே அடித்துக் கொன்றுவிடுகிறது!

பெரிய மனிதர்களைச் சுற்றி நிற்கும் கோள்மூட்டிகளை, "நரி" என்று சொல்லிக் காட்டினார்கள். மனிதன் பெயரைச் சொன்னால் சண்டை வரும். நரியின் பெயரைச் சொன்னால் யார் சண்டைக்கு வருவார்கள்?

இந்தக் கதைகள் பாரசீகத்துக்கும் அரேபியாவுக்கும் போயின. அங்கே, நரிகளின் பெயராலேயே "கலீலா, திம்னா" என்று புகழ் பெற்றன. தமிழில், தாண்டவராய முதலியார் மராத்தி மொழியில் இருந்து பஞ்சதந்திரத்தை மொழிபெயர்த்தார். அந்த நூல் 1826-ம் ஆண்டில் வெளிவந்தது.

விளக்கு வெளிச்சத்தில் ஆடிய படங்கள்

சினிமா வருவதற்கு முன்பே, தமிழ்நாட்டில் திரையில் படங்கள் ஆடின. அதுதான் தோல்பாவைக் கூத்து.

ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, உருவம் வெட்டி, சாயம் தீட்டுவார்கள். வெள்ளைத் துணியைக் கட்டி, பின்னால் விளக்கு வைப்பார்கள். துணிக்குப் பின்னால் பாவைகள் ஆடும். ராமர், சீதை மட்டும் அல்ல. அனுமானும், ஜாம்பவானும், ஜடாயுவும் வந்து பேசுவார்கள். எல்லாக் குரலும் ஒரே கலைஞரின் குரல்தான்!

ராமாயணம் நடந்துகொண்டிருக்கும்போதே, உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற இரண்டு கோமாளிகள் வந்துவிடுவார்கள். உள்ளூர் விவகாரம், கடன், குடி, வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் கேலி செய்வார்கள். ராமர் காட்டில் இருக்கும்போது, இவர்கள் நம் தெருவில் நிற்பார்கள்! பெரியவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

இப்போது இந்தக் கூத்தை நடத்தும் குடும்பங்கள் மிகக் குறைந்துவிட்டன. ஆனால் அந்தக் கேலி சாகவில்லை. அது கார்ட்டூன் படமாக வேறு உருவத்தில் வந்திருக்கிறது.

ஒரு வினாடிக்கு 24 படம்!

கார்ட்டூன் படம் எப்படி எடுக்கிறார்கள்?

திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. காகம் சிறகடிப்பதைக் காட்ட வேண்டுமானால், சிறகைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தித் தனித்தனிப் படங்களாக வரைய வேண்டும். 10 நிமிடப் படத்துக்கு 14 ஆயிரத்து 400 படங்கள் ஓடும். ஒரே சித்திரத்தை இரண்டு தடவை படம் பிடித்தாலும், 7 ஆயிரத்து 200 சித்திரங்கள் வேண்டும்! இப்போது கம்ப்யூட்டர் வந்து வேலையைக் குறைத்திருக்கிறது.

இந்தியாவிலும் இந்தக் கலை வளர்ந்தது. மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன், 1956-ல் பம்பாயில் கார்ட்டூன் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. அமெரிக்காவில் வால்ட் டிஸ்னியிடம் வேலை செய்த கிளேர் வீக்ஸ் என்பவர் வந்து, நம் கலைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1957-ல், புத்த ஜாதகக் கதையில் வரும் ஆலமரத்து மானின் கதையைப் படமாக எடுத்தார்கள். கர்ப்பிணி மானுக்குப் பதிலாகத் தன் உயிரைக் கொடுக்க முன்வந்த மான் அரசனின் கதை அது. நம் நாட்டுக் கார்ட்டூனிலும் முதலில் வாய் திறந்தவர்களில் மிருகங்கள் உண்டு!

பன்றிகளின் ஆட்சி

இங்கிலாந்தில் 1954-ல் ஒரு கார்ட்டூன் படம் வந்தது. பெயர் "அனிமல் பார்ம்" — அதாவது, மிருகங்களின் பண்ணை. கதையை எழுதிய ஜார்ஜ் ஆர்வெல், பீகாரில் உள்ள மோதிஹாரியில் பிறந்தவர்.

பண்ணை மிருகங்கள் எஜமானனைத் துரத்திவிட்டு, "இனி எல்லோரும் சமம்" என்கின்றன. கொஞ்ச நாளில் பன்றிகள் எஜமானர்கள் ஆகிவிடுகின்றன. உழைத்துத் தேய்ந்த குதிரையை விற்றுவிடுகின்றன!

"பொம்மைப் படம்தானே" என்று பிள்ளைகளை அழைத்துப்போனவர்கள் திகைத்தார்கள். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு நடந்ததைத்தான் ஆர்வெல் அப்படிக் காட்டியிருந்தார். அந்தப் படத்துக்கு அமெரிக்க உளவுத்துறை ரகசியமாகப் பணம் கொடுத்தது என்பது பின்னால் தெரியவந்தது. படத்தின் முடிவையும் மாற்றியிருந்தார்கள்! பன்றி பேசினாலும், அதன் பின்னால் பேசுகிறவர் யார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

குடிகாரக் குதிரை

2014-ல் அமெரிக்காவில் "போஜாக் ஹார்ஸ்மேன்" என்ற தொடர் தொடங்கியது. கதாநாயகன் ஒரு குதிரை. கோட்டு, சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு காலில் நடக்கும் குதிரை!

ஒரு காலத்தில் டெலிவிஷனில் பெரிய நட்சத்திரம். இப்போது வாய்ப்பு இல்லை. பெரிய மாளிகை இருக்கிறது. மனதில் நிம்மதி இல்லை. குடிக்கிறது. சிநேகிதர்களின் மனதைப் புண்படுத்துகிறது. மன்னிப்புக் கேட்கிறது. மறுபடியும் அதையே செய்கிறது.

நாய் ஒன்று அதன் போட்டி நடிகர். பூனை ஒன்று அதற்கு வாய்ப்புத் தேடிக் கொடுக்கும் ஏஜெண்டு. பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் போகப் போகச் சிரிப்பு நின்றுவிடும். "மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதுமா? திருந்த வேண்டாமா?" என்பதுதான் அந்தத் தொடர் கேட்ட கேள்வி. 2020-ல் அது முடிவடைந்தது.

நம் ஊரிலும் குடும்பத்தலைவன் இரவில் குடித்துவிட்டு வந்து அடிப்பதும், காலையில் அழுது சத்தியம் செய்வதும் இல்லையா? அந்தக் குதிரை, அமெரிக்காவில் மட்டும் இருக்கிற குதிரை அல்ல!

இரண்டு பறவைத் தோழிகள்

அந்தக் குதிரைக்கு உருவம் கொடுத்த சித்திரக்காரர் லிசா ஹனவால்ட் என்ற பெண். இவர் 2019-ல், "டூக்கா அண்டு பெர்ட்டி" என்று சொந்தமாக ஒரு தொடர் எடுத்தார். இரண்டு பறவைத் தோழிகளின் கதை. இருவருக்கும் வயது சுமார் முப்பது.

டூக்கா, பெரிய அலகு உள்ள பறவை. வாயாடி. குடிப் பழக்கத்தை விட்டவள். பெர்ட்டி, பாடும் சிறு பறவை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். அந்த ஊரில் செடிகளும் மனிதர்களைப்போல் நடந்து திரியும்! எல்லாமே கனவில் வருவதுபோல் விசித்திரமாக இருக்கும்.

பெர்ட்டிக்கு, பலகாரம் செய்யக் கற்றுக்கொள்ள ஆசை. பெயர் பெற்ற சமையல்காரர் ஒருவரிடம் சேருகிறாள். அவர் ஒரு பென்குவின் பறவை. பார்க்க வேடிக்கையாக இருப்பார். ஆனால் கற்றுக்கொடுக்கும் சாக்கில் எல்லை மீறுகிறார். பெர்ட்டிக்கு வாய் வரவில்லை. சிறு வயதில் தனக்கு நேர்ந்த ஒரு கொடுமையை அவள் யாரிடமும் சொன்னது இல்லை. அதைத் தன் தோழி டூக்காவிடம் சொல்லுகிறாள். அதன் பிறகுதான் அவள் மனதில் இருந்த பாரம் இறங்கத் தொடங்குகிறது.

காகத்துக்கு எலியும், மானுக்குக் காகமும் செய்த உதவி இதுதானே!

அந்தத் தொடரை வெளியிட்ட நெட்பிளிக்ஸ், பத்து பகுதிகளோடு நிறுத்திவிட்டது. ரசிகர்கள் வருந்தினார்கள். வேறு ஒரு டெலிவிஷன் நிறுவனம் 2021, 2022 ஆண்டுகளில் மேலும் இரண்டு பருவங்கள் வெளியிட்டது.

பெற்றோர் கவனத்துக்கு

இங்கேதான் ஓர் ஆபத்து இருக்கிறது.

குழந்தை அழுகிறது. அம்மா சமையல் செய்ய வேண்டும். கையில் செல்போனைக் கொடுத்துவிடுகிறார். திரையில் குதிரை தெரிகிறது, பறவை தெரிகிறது. "கார்ட்டூன்தானே!" என்று அம்மா நிம்மதியாக இருக்கிறார்.

ஆனால் அந்தக் குதிரை குடிக்கும். அந்தப் பறவை, பெரியவர்களின் துன்பத்தைப் பேசும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது விளங்காது. ஆனால் மனதில் பதிந்துவிடும்.

இதற்கு வழி உண்டு. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, இணையத்தில் படம் காட்டும் நிறுவனங்கள் ஒவ்வொரு படத்துக்கும் வயதுக் குறி போட வேண்டும். "யு" என்றால் எல்லோரும் பார்க்கலாம். அடுத்து 7, 13, 16 என்று வயதுகள் குறிக்கப்பட்டிருக்கும். "ஏ" என்றால் பெரியவர்களுக்கு மட்டும். 13 வயதும் அதற்கு மேலும் குறிக்கப்பட்ட படங்களைக் குழந்தைகள் திறக்க முடியாதபடி பூட்டும் வசதியும் கொடுக்க வேண்டும். நீங்கள்தான் அந்தப் பூட்டைப் போட வேண்டும்!

படம் தொடங்கும்போது, மூலையில் உள்ள அந்தக் குறியைப் பாருங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் அந்த எண்ணைப் படித்துவிடலாம்.

குழந்தைக்குக் கதை வேண்டுமா? காகம், எலி, ஆமை, மான் கதையை நீங்களே சொல்லுங்கள். இரவில் சோறு ஊட்டும்போது சொன்னால், தட்டு காலியாகிவிடும்.

குழந்தை தூங்கிய பிறகு, நீங்கள் அந்தக் குதிரையின் கதையைப் பார்க்கலாம். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். நடுவில் உங்களுக்குத் தெரிந்த ஒருவருடைய முகம் ஞாபகத்துக்கு வந்தால், மறுநாள் அவரிடம் போய் நாலு வார்த்தை பேசுங்கள்!