மூன்றரை மணிக்குப் பிறகு யார் பார்ப்பது?

ரொறொன்ரோவுக்கு வந்திறங்கும் தமிழ்க் குடும்பங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பயப்படுகின்றன. பிள்ளையைச் சேர்ப்பார்களா, என்ன விசா என்று கேட்பார்களா, கேட்டதை எங்காவது எழுதி அனுப்பிவிடுவார்களா என்ற பயம். அதைக் காசாக்கத் தெரிந்தவர்களும் ஊரில் உண்டு. படிவம் நிரப்ப ஒரு தொகை, கூட வந்து பேச ஒரு தொகை, 'அங்கே எனக்கு ஆள் இருக்கு' என்பதற்கு இன்னொரு தொகை. உண்மையில் ஒன்ராறியோவில் ஒரு புதுக் குடும்பம் கடக்கவேண்டிய வாசல்களில் மிக அகலமானது பள்ளி வாசல்தான். காசும் சில வேளை உயிரும் போகிற இடங்கள் வேறு. அங்கே போகும்போதுதான் நம்மவர்களுக்குப் பயமே வருவதில்லை.

பள்ளியை முதலில் சொல்லி முடித்துவிடலாம். ஒன்ராறியோக் கல்விச் சட்டத்தின் 49.1ஆம் பிரிவின்படி, பிள்ளையோ பெற்றோரோ சட்டப்படியான அனுமதியின்றி நாட்டில் இருக்கிறார்கள் என்ற காரணத்தைக் காட்டி 18 வயதுக்கு உட்பட்ட ஒருவரைச் சேர்க்க மறுக்க முடியாது. வழக்கமாகக் கேட்பவை வயதுக்கும் முகவரிக்கும் ஆதாரம், குடிவரவுப் பத்திரம், தடுப்பூசிப் பதிவு. உறவினர் வீட்டு பேஸ்மென்ட்டில் ஒப்பந்தம் இல்லாமல் இருப்பவர்களுக்கு முகவரி கொஞ்சம் இழுக்கும். எந்தக் கடிதம் போதும் என்று பள்ளி அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். புதிதாக வந்தவர்களுக்காகவே மத்திய அரசின் செலவில் பணிபுரியும் குடியமர்வு உதவியாளர்கள் பல பள்ளிகளில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கட்டணம் கிடையாது.

டிசம்பர் 31க்குள் 4 வயது நிறைகிற பிள்ளை அந்த செப்டம்பரிலேயே இளநிலை மழலையர் வகுப்புக்குப் போகலாம். முழுநாள் வகுப்பு, கட்டணமில்லை. 6 வயதில்தான் பள்ளி கட்டாயம் என்பதால் சிலர் இந்த இரண்டு வருடத்தையும் வீட்டிலேயே கழிக்கிறார்கள். தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் இலவசமாகக் கிடைக்கும் பராமரிப்பை வேண்டாமென்று விட்டுவிட்டு, அதே பிள்ளைக்கு டேகேர் தேடி அலைவது என்ன கணக்கோ தெரியவில்லை.

ஊசி விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. 2010இலோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைகளுக்கு ஒன்ராறியோப் பள்ளிச் சட்டம் கேட்கும் தடுப்பூசிகளில் சின்னம்மையும் மெனிஞ்சோகாக்கஸ் மூளைக்காய்ச்சலும் அடங்கும். இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்திலும் சரி, தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பின்பற்றும் இந்தியத் திட்டத்திலும் சரி, இவை இரண்டும் இல்லை. ஆகவே ஊரில் ஒரு ஊசியும் தவறாமல் போட்ட பிள்ளையின் அட்டை இங்கே முழுமையற்றதாகிவிடும். இங்கே போட்ட ஊசியைக்கூட டாக்டர் தானாகப் பொதுச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிப்பதில்லை. பெற்றோர்தான் பதிய வேண்டும். கடிதம் வந்தும் பதியாமல் விட்டால் பிள்ளையை 20 பள்ளி நாள் வரை இடைநிறுத்த முடியும்.

பள்ளிக் கட்டணம் உண்மையாகவே கழுத்தில் விழுகிற இடம் ஒன்று உண்டு. பெற்றோரில் ஒருவரிடம் வேலை அனுமதி இருந்தாலோ, அகதிக் கோரிக்கை நடந்துகொண்டிருந்தாலோ கட்டணமில்லை. படிப்பு அனுமதியில் வந்தவரென்றால் அவர் படிக்கும் இடம் மாநில அரசின் தொடர்ந்த நிதியில் இயங்கும் கல்லூரியாகவோ பல்கலைக்கழகமாகவோ இருக்க வேண்டும். தனியார் கல்லூரியில் சேர்ந்தவருக்கு இந்த விலக்கு இல்லை. முன்பெல்லாம் கணவனோ மனைவியோ திறந்த வேலை அனுமதி எடுத்தால் அதன் வழியாகப் பிள்ளைக்கு இலவசம் கிடைத்தது. 2025 ஜனவரி 21 முதல் மாணவர்களின் துணைக்கு அந்த அனுமதி முனைவர் படிப்பு, 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் முதுகலை, குறிப்பிட்ட சில தொழிற்படிப்புகள் என்று சுருங்கிவிட்டது. வெளிநாட்டு மாணவராகப் பதியும் பிள்ளைக்கு ஆண்டுக் கட்டணம் பதினைந்தாயிரம் டாலருக்கு மேல். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு முகவரிடம் கையெழுத்திடுமுன் பிள்ளைக்குப் பள்ளி இலவசமா என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். வந்த பிறகு கேட்பதில் பயனில்லை.

இனி, பயப்பட வேண்டிய இடம். பள்ளி மூன்றரை மணியளவில் விட்டுவிடும். பண்டகசாலை வேலை ஆறு மணிக்கும் முடியாது. அந்த இடைவெளிக்கும், 4 வயதுக்கு முந்திய வருடங்களுக்கும் விடையாக வருவது பெரும்பாலும் ஒரு தொலைபேசி எண். யாரோ ஒரு அக்கா, வீட்டிலேயே பிள்ளை பார்க்கிறார், சோறு தீத்திவிடுவார், தமிழ் பேசுவார், காசைக் கையில் கொடுத்தால் போதும். அப்படிப்பட்டவர்களில் நல்லவர்கள் ஏராளம். ஆனால் நல்லவரா இல்லையா என்பதை விசாரித்துப் பார்க்க அரசிடம் அவரைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

உரிமம் இல்லாமல் பிள்ளை பார்ப்பது ஒன்ராறியோவில் குற்றமில்லை. 13 வயதுக்கு உட்பட்ட 5 பிள்ளைகள் வரை பார்க்கலாம். அதைத் தாண்டினால் குற்றம். 2013 ஜூலையில், ரொறொன்ரோவுக்கு வடக்கே வோன் நகரில் அப்படியொரு வீட்டில் 2 வயதுச் சிறுமி ஒருத்தி வெயிலில் நின்ற காருக்குள் விடப்பட்டு இறந்தாள். அந்த வீட்டில் பராமரிப்பில் இருந்தவர்கள் 35 பிள்ளைகள். அந்த வீட்டைப் பற்றிப் புகார்கள் ஏற்கனவே மாநிலக் கல்வி அமைச்சுக்குப் போயிருந்தன. போனவற்றில் எல்லாமே விசாரிக்கப்படவுமில்லை. மாநிலக் குறைகேள் அதிகாரி ஆந்த்ரே மரென் 2014 ஒக்ரோபரில் வெளியிட்ட அறிக்கையில் 113 பரிந்துரைகள் இருந்தன. அந்த ஆண்டு இறுதியில் புதிய பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. வரம்பு மீறினால் இப்போது இரண்டரை இலட்சம் டாலர் வரை தண்டமும் ஒரு வருடம் வரை சிறையும் விதிக்கலாம்.

அந்தச் சட்டம் பெற்றோர் கையில் கொடுத்த சில உரிமைகளை நம்மவர்கள் பயன்படுத்துவதே இல்லை. உரிமம் இல்லாதவர், தன்னிடம் உரிமம் இல்லை என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தாக வேண்டும், அதற்குத் தனியாகக் காசு வாங்கக் கூடாது. பராமரிப்பு நேரத்தில் பெற்றோர் உள்ளே வந்து பிள்ளையைப் பார்ப்பதைத் தடுக்கக் கூடாது. முன்னறிவிப்பின்றி ஒரு நாள் மதியம் போய் எத்தனை சோடிச் செருப்பு வாசலில் கிடக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது மரியாதைக் குறைவல்ல.

பற்றுச்சீட்டு கேட்பது நன்றிகெட்ட வேலை போலத் தோன்றும். ஆனால் அதன் விலை பெரியது. 7 வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்கு 8,000 டாலர் வரையும், 7 முதல் 16 வயது வரை 5,000 டாலர் வரையும் பராமரிப்புச் செலவை வருமானத்திலிருந்து கழிக்கலாம். பெரும்பாலும் இருவரில் குறைந்த வருமானக்காரர்தான் கழிக்க முடியும். பார்த்தவர் தனிநபராக இருந்தால் அவருடைய சமூகக் காப்பு எண் பற்றுச்சீட்டில் இருக்க வேண்டும். 'கையில் காசு, கொஞ்சம் மலிவு' என்கிற ஒப்பந்தத்தில் மலிவு யாருக்கு என்று பார்த்தால், அந்த வருமானத்தைக் காட்டாமல் விடுபவருக்குத்தான். சில கணக்காளர்கள் பற்றுச்சீட்டே இல்லாமல் தொகையைப் போட்டுவிடுவார்கள். வரித் திணைக்களம் கேட்டுக் கடிதம் அனுப்பும்போது அது கணக்காளர் பெயருக்கு வராது.

உரிமம் பெற்ற டேகேரெல்லாம் வசதியானவர்களுக்கு என்பது பழைய கதை. மத்திய அரசின் மலிவுக் கட்டணத் திட்டத்தில் சேர்ந்த இடங்களில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கான அடிப்படைக் கட்டணம் 2025 ஜனவரி முதல் நாளொன்றுக்கு 22 டாலருக்கு மேல் போகக் கூடாது. பல பேஸ்மென்ட்களில் கையில் வாங்குவது இதைவிட அதிகம். இரண்டு விஷயத்தில் ஏமாறுகிறார்கள். உரிமம் உள்ள எல்லா இடமும் இந்தத் திட்டத்தில் இல்லை. சேராத இடத்துக்கு இந்த உச்சவரம்பும் இல்லை. பிள்ளைக்கு 6 வயது வந்ததும் மலிவுக் கட்டணம் நின்றுவிடும். ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையில் பிறந்தநாள் வந்தால் ஜூன் 30 வரை நீளும், அவ்வளவுதான். இடம் கிடைப்பது தனிப் போராட்டம். காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதவே காசு கேட்டால் அது சட்டவிரோதம். உரிமம் பெற்ற இடங்களுக்கு 2016 செப்டம்பர் முதல் அந்தத் தடை இருக்கிறது.

இதற்கும் மேலே, வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டண மானியம் என்று ஒன்று உண்டு. குடும்பத்தின் கணக்கிடப்பட்ட நிகர வருமானம் 20,000 டாலருக்குள் என்றால் பெற்றோர் பங்கு எதுவுமில்லை. மேலே போகப் போகப் பங்கு ஏறும். இதை நடத்துவது மத்திய அரசும் அல்ல, மாநிலமும் நேரடியாக அல்ல. ஒன்ராறியோ முழுவதும் பிரித்துக்கொண்ட 47 உள்ளூர் நிர்வாகங்கள். ரொறொன்ரோவில் வரிசை மனுக் கொடுத்த தேதிப்படி நகரும். இந்தத் தேதிதான் சொத்து. வேலை கிடைக்கட்டும், வீடு சரியாகட்டும் என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டால் அந்த ஆறு மாதத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

ரொறொன்ரோவுக்குள் இருக்கும் ஸ்காபரோவில் பதிந்துவிட்டு வாடகை கொஞ்சம் தோதாக வருகிறதென்று ஸ்டீல்ஸ் தெருவைக் கடந்து மார்க்கத்துக்கு மாறினால் நீங்கள் யோர்க் வட்டாரத்துக்குள் வந்துவிட்டீர்கள். பிக்கரிங், ஏஜாக்ஸ் பக்கம் போனால் டர்ஹம். ரொறொன்ரோ வரிசையில் பிடித்த இடம் அங்கே செல்லாது, புதிதாக மனுக் கொடுக்க வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் மிக அதிகமாக இடம்பெயரும் பாதையே இதுதான். தெருவின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை வீடு பார்க்கும்போது யாரும் டேகேர் கணக்கோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

கடைசியாக, வீடுகளில் பிள்ளைக் காசு என்று சொல்லும் கனடாப் பிள்ளை நலக் கொடுப்பனவு. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான ஆண்டில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அதிகபட்சம் 7,997 டாலர், 6 முதல் 17 வயது வரை 6,748. நிரந்தர வதிவிடம் பெற்று வந்தவர்கள் வந்த உடனேயே மனுச் செய்யலாம். வேலை அனுமதியிலும் படிப்பு அனுமதியிலும் இருப்பவர்கள் தொடர்ந்து 18 மாதம் கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும், 19ஆம் மாதத்தில் அனுமதி செல்லுபடியாக இருக்க வேண்டும். அகதிக் கோரிக்கையாளரின் வேலை அனுமதியில் 'தற்காலிக வதிவிட நிலையை அளிக்காது' என்ற வரி இருந்தால் அந்த 18 மாதக் கணக்கு அவருக்கு உதவாது. கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் தகுதி.

டேகேர் வரிசையைப் போலல்லாமல் இதில் தாமதித்தாலும் பழைய மாதங்களைக் கேட்டு வாங்க வழியுண்டு. ஆபத்து மறுபக்கம். கணவன் மனைவி இருவரும், வருமானமே இல்லாவிட்டாலும், ஒவ்வொரு ஆண்டும் வரிப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். ஒருவர் விட்டாலும் ஜூலையில் காசு நின்றுவிடும். கணக்கில் வருவது உலகெங்கும் வரும் வருமானம். ஊரில் வீட்டு வாடகை வந்தால் அதுவும் சேரும். கூடுதலாகக் கிடைக்கும் என்று 'பிரிந்து வாழ்கிறோம்' என்று எழுதச் சொல்லும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். உறவு முறிந்து குறைந்தது 90 நாள் தனித்து வாழ்ந்தால்தான் அது பிரிவு. ஒரே முகவரிக்கு இருவர் பெயரிலும் தொலைபேசிக் கட்டணம் வரும் வீட்டுக்குப் பொருந்தாது.

இன்னொரு குடும்ப அமைப்பும் நம்மிடையே சாதாரணம். தாயும் பிள்ளைகளும் ஸ்காபரோவில், தகப்பன் கட்டாரிலோ துபாயிலோ வேலையில். அவர் கனடாவில் வதிபவர் இல்லை என்பதால் அவருடைய சம்பளத்தை எழுதத் தேவையில்லை என்று பலர் நம்புகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் துணையின் வருமானத்தை அறிவிக்க வரித் திணைக்களம் தனிப் படிவமே வைத்திருக்கிறது. வளைகுடாச் சம்பளத்துக்கு அங்கே வரி இல்லை என்பது இந்தக் கணக்கில் எதையும் மாற்றாது. பிறகு தெரியவந்தால் கூடுதலாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்கள். கையில் இல்லையென்றால் அடுத்தடுத்து வரும் மாதக் கொடுப்பனவுகளில் பிடித்துக்கொள்வார்கள், டேகேர் கட்டணம் கட்டவேண்டிய அதே மாதங்களில்.