நூற்றுக்கு இருபது போதுமா?

பிரிட்டனில் தமிழ்ப் பள்ளியின் கலைவிழாவானாலும் சரி, ஊர்க் கால்பந்துக் கழகத்தின் விருந்தானாலும் சரி, நிதி திரட்ட ராஃபிள் சீட்டு விற்பது வழக்கம். நல்ல காரியத்துக்குத்தானே என்று வாங்குகிறவர்கள், பரிசு விழாவிட்டாலும் வருந்துவதில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் இதுவும் லாட்டரிதான். காசு கொடுத்துக் கலந்துகொண்டு, குலுக்கலில் பரிசு பெறும் ஏற்பாடு எதுவும் 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அதற்காக விழாக் குழுவினர் அஞ்ச வேண்டியதில்லை. விழா நடக்கும் இடத்தில், நடக்கும் நேரத்தில் மட்டும் சீட்டு விற்றால் பதிவே தேவையில்லை. விற்ற பணத்திலிருந்து பரிசுக்கு 500 பவுண்டுக்கு மேலும், செலவுக்கு 100 பவுண்டுக்கு மேலும் எடுக்கக் கூடாது. யாருடைய சொந்த ஆதாயத்துக்கும் போகக் கூடாது.

சில வாரங்கள் முன்னதாகவே பொதுமக்களிடம் சீட்டு விற்பதென்றால் உள்ளூராட்சி மன்றத்தில் சங்கம் பதிவு செய்துகொள்ள வேண்டும். கட்டணம் முதலில் 40 பவுண்டு, பிறகு ஆண்டுக்கு 20 பவுண்டு. ஒரு குலுக்கலின் விற்பனை 20,000 பவுண்டையோ, ஆண்டு மொத்தம் 2,50,000 பவுண்டையோ தாண்டினால் சூதாட்ட ஆணையத்தின் உரிமம் வேண்டும். 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது. எல்லாச் சீட்டுக்கும் ஒரே விலை. ஐந்து வாங்கினால் ஒன்று இலவசம் என்ற கணக்கு செல்லாது. சீட்டில் சங்கத்தின் பெயர், விலை, பொறுப்பாளரின் பெயரும் முகவரியும், குலுக்கல் தேதி ஆகியவை இருக்க வேண்டும். குலுக்கல் முடிந்த மூன்று மாதத்துக்குள், இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்திட்ட வரவு செலவுக் கணக்கு மன்றத்துக்குப் போக வேண்டும்.

இத்தனையும் கேட்கும் சட்டம், வாங்குகிறவர் மிகவும் அறிய விரும்பும் ஒன்றை மட்டும் சீட்டில் கேட்கவில்லை: என் காசில் எவ்வளவு அறப்பணிக்குப் போகும்? பதிவு பெற்ற சங்கம் குறைந்தது 20 சதவீதம் கொடுத்தால் போதும் என்கிறது விதி. 20,000 பவுண்டுக்குச் சீட்டு விற்ற சங்கம் 4,000 பவுண்டை நற்பணிக்குத் தந்துவிட்டு, மீதி 16,000 பவுண்டைப் பரிசுக்கும் செலவுக்கும் கணக்குக் காட்டினாலும் சட்டப்படி குற்றமில்லை. முழுத் தொகையும் நோயாளிக்கோ மாணவருக்கோ போகிறது என்று நம்பிக் கொடுத்தவருக்குச் சீட்டைப் பார்த்து இது தெரிய வழியில்லை. சட்டம் தன் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டது என்றே சொல்வேன்.

அந்த அளவை உயர்த்தச் சொல்லலாமே என்றால், அது சரியான மருந்தல்ல. பரிசுப் பொருளை நன்கொடையாகப் பெற முடியாத சிறு சங்கத்துக்குச் செலவு விகிதம் இயல்பாகவே கூடும். உயர்ந்த வரம்பு அதைத்தான் முதலில் முடக்கும். வேண்டியது, 'குறைந்தது இத்தனை சதவீதம் நற்பணிக்கு' என்று சீட்டிலேயே அச்சிடுவது. விற்பனை முடியுமுன் விகிதம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். துல்லியமான கணக்கை யாரும் கேட்கவில்லை, குறைந்தபட்ச வாக்குறுதி போதும். தன்னார்வலர்களுக்குச் சுமை என்பதும் நிற்காது, மன்றத்துக்கு அனுப்பும் கணக்கில் இந்தத் தொகையை எப்படியும் எழுதியே ஆக வேண்டும். உரிமம் பெற்ற பெரிய சங்கங்கள் நற்பணிக்குப் போன விகிதத்தை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனை ஏற்கெனவே இருக்கிறது. சிறு சங்கமும் தன் விகிதத்தைத் தானே முன்வந்து அச்சிடலாம். எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை.