நான்கு வாரக் கம்மலா? குரல்நாணைப் பார்க்கச் சொல்லுங்கள்

தொண்டை கம்மினால் மிளகுப்பால், கஷாயம், மருந்துக்கடை மாத்திரை என்று நாளைக் கடத்துகிறோம். சளியால் வந்த கம்மல் ஓரிரு வாரத்தில் தெளிந்துவிடும். நான்கு வாரமாகியும் தெளியவில்லையென்றால், குரல்நாணைப் பார்க்காமல் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவது ஆபத்து. மூச்சுத்திணறல், ரத்தம், கழுத்தில் கட்டி, புகைப்பழக்கம் இவற்றில் ஒன்று இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

சிங்கப்பெருமாள் கோவில் பகுதியினர் அங்கு ரயில் ஏறினால், பரனூருக்கு அடுத்து செங்கல்பட்டு. அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். பொதுவாக, மூக்கு வழியே மெல்லிய கேமரா குழாயை விட்டு, 'ஈ' என்று இழுத்துச் சொல்லச் சொல்வார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

பார்த்தால் மட்டும் போதுமா?

ஓயாமல் உரக்கப் பேசும் ஆசிரியர்களுக்கும் வியாபாரிகளுக்கும் வரும் குரல்நாண் முடிச்சுகள் பெரும்பாலும் குரல் பயிற்சியிலேயே குறையும், கத்தி தேவைப்படாது. அரிதான கட்டிகள் அப்படியல்ல. ஹெச்.பி.வி. 6, 11 வகை வைரஸ்களால் வரும் பாப்பிலோமா, அகற்றினாலும் திரும்பத் திரும்ப முளைக்கும். அமிலாய்டு என்ற புரதப் படிவைக் காங்கோ சிவப்புச் சாயமிட்டு, முனைவாக்கிய ஒளியில் பார்த்தால் ஆப்பிள் பச்சையாக ஒளிரும். கிரானுலர் செல் கட்டியில் மேல்தோல் தடித்து வளரும். மேலோட்டமாக எடுத்த சதைத் துணுக்கு புற்றுநோய்போலத் தோன்றி ஏமாற்றலாம். காசநோயும் குரல்வளையில் கட்டிபோலத் தெரிவதுண்டு. எனவே சந்தேகமான கட்டிக்குப் பயாப்சி அறிக்கைதான் முடிவு சொல்ல வேண்டும். அறிக்கையும் அறிகுறிகளும் பொருந்தாவிட்டால், பெரிய அறுவைக்குச் சம்மதிக்கும் முன் சிலைடுகளை இன்னொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டுங்கள்.

உங்கள் உரிமை

பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவை சிகிச்சைக்குச் செல்லாது. உயிரையோ உடல்நலத்தையோ காக்கத் தாமதிக்க முடியாத அவசரம் மட்டுமே விலக்கு. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. சம்மதப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் கேட்டபின் கையெழுத்திடுங்கள். சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேட்டால், 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

கட்டணம் செலுத்திப் பெற்ற சிகிச்சையில் அலட்சியம் நடந்திருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. வழிகாட்டுதலுக்கு 1915 எண்ணை அழையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டில் உங்கள் சிகிச்சை அடங்குமா என்பதை 1800 425 3993 எண்ணில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனைச் சீட்டு, எண்டோஸ்கோப்பிப் படம், பயாப்சி அறிக்கை மூன்றையும் ஒரே கோப்பில் பத்திரப்படுத்துங்கள். மறு ஆலோசனைக்கும் முறையீட்டுக்கும் அவைதான் ஆதாரம்.